வாகரைக் கரையில் அணிகலனும் அரும்பொருளும்

அரசர் எடுப்பித்த கோட்டைகளும் கோயில்களும், அவர் பொறித்த கல்வெட்டுகளும் ஒரு நாட்டின் வரலாற்றுக்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆயின், கல்லில் எழுதும் வாய்ப்பில்லாத உழவரும் மீனவரும் வேடரும் விட்டுச்சென்ற சான்றுகள் வேறு வகையின. பெட்டகத்துள் மடித்து வைத்த சேலை, தாயின் கழுத்திலிருந்து மகளின் கழுத்துக்கு வந்த சங்கிலி, கோயிற் பேழையுள் ஆண்டு முழுதும் உறங்கும் சிலம்பு ஆகிய இவையே அம்மக்களின் ஏடுகள். மட்டக்களப்புத் தமிழகத்தின் வடபால் அமைந்த வாகரையை நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே காடும் சூழ, வாகரை அமைந்துள்ளது. தெற்கே பனிச்சங்கேணி வாவியும் வடக்கே வெருகல் ஆறும் அதற்கு எல்லை வகுத்தாற்போல விளங்குகின்றன. வெருகலாற்றங்கரையிற் சித்திரவேலாயுதர் கோயில் உளது. கடற்றொழிலும் சேனைப் பயிரும் வேளாண்மையும் மக்களின் தொழில்கள். பெருஞ்செல்வம் குவிந்த ஊரன்று. எனினும், செல்வம் குறைந்த இடத்திலேதான் ஓர் அரும்பொருளின் அருமை நன்கு புலப்படும்.

இக்கரையின் பழங்குடியினருள் வேடர் குறிப்பிடத்தக்கவர். 1911 இல் இலங்கை வேடரைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், கிழக்குக் கரையோர வேடரையும் தனியே ஆராய்ந்தனர். இவர்கள் தமிழ் பேசி, மீன்பிடித்து, அயலவருடன் கலந்து வாழ்ந்தோர். உள்நாட்டு வேடரிடையே நிலவிய திருமண வழக்கம் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. மணமகள் தன் கையாலேயே முறுக்கிய மெல்லிய கயிறொன்றை மணமகனின் இடுப்பிற் கட்டுவாள். அதனோடு திருமணம் நிறைவுறும். கணவன் அக்கயிற்றை என்றும் நீக்கான். பொன்னும் மணியும் இல்லாத அக்கயிற்றுக்குச் சந்தையில் விலையேதும் இல்லை. ஆயினும், தமிழர் தாலிக்கு எப்பொருள் உண்டோ அப்பொருள் அதற்கும் உண்டு. ஒன்று மணமகன் கட்டுவது, மற்றொன்று மணமகள் கட்டுவது என்பதே வேறுபாடு. ஓர் அணியின் மதிப்பு அதன் எடையில் இல்லை, அதைக் கட்டிய கையில் உளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, பொன்னணியை நோக்குவோமாயின், ஈழத்தமிழர் திருமணங்களில் நிகழும் பொன்னுருக்குச் சடங்கு முதற்கண் நினைவுக்கு வரும். நல்ல நாளில் மணமகன் இல்லத்தில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, உறவினர் கூடியிருக்க, பொற்காசொன்றைத் தட்டில் வைத்துச் சபையோர்க்குக் காட்டுவர். ஆசாரி அதனை அனைவர் கண்முன்னும் உருக்குவார். உருகித் திரண்ட பொன்னை மீண்டும் சபையோர்க்குக் காட்டுவர். அப்பொன்னே பின்னர்த் தாலியாகும். இதற்குப் பெரிதும் பயன்பட்ட பிரித்தானியப் பவுண் காசு ஏறத்தாழ 7.98 கிராம் எடையுடையது. 24 பங்கில் 22 பங்கு தூய பொன்னும் எஞ்சியது பிற உலோகமும் ஆகும். தூய பொன் மென்மை மிக்கதாதலின் நாள்தோறும் அணியும் அணிக்கு அக்கலப்பு இன்றியமையாதது.

பொற்கொல்லரின் கருவிகள் சிலவே. உமி நெருப்பு, ஊதுகுழல், குறடு, சிறு சுத்தியல், உரைகல் என்பன கொண்டே அவர் தொழில் நடக்கும். பொன்னைத் தட்டிக் கோலாக்கி, வரவரச் சிறுக்கும் துளைகளினூடே இழுத்துக் கம்பியாக்குவார். கம்பியை வளைத்து வளையங்களாக்கி, பொடியும் வெங்காரமும் இட்டு, ஊதுகுழலின் சிறு சுடரால் ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார். சுடர் சற்று மிகுந்தால் வேலை முழுதும் உருகிப்போகும். முற்காலத்தில் குன்றிமணியும் மஞ்சாடியுமே நிறைகற்களாக இருந்தன. உரைகல்லில் இழுத்த கோட்டின் நிறங்கண்டு மாற்று அறிவர். இத்தனை நுண்மையான தொழிலில், கொடுத்த பொன்னும் பெற்ற பொன்னும் ஒன்றே என்பதை உரியவர் எவ்வாறு அறிவர்? பொன்னுருக்கைச் சபை நடுவே நிகழ்த்துவதன் நோக்கங்களுள் இவ்வையத்தை நீக்குவதும் ஒன்றெனக் கொள்ளலாம். சடங்கு என்பது மங்கலம் மட்டுமன்று, பலரறி சான்றுமாகும்.

பொற்கொல்லன் ஒருவன் கூறிய பொய்யினால் ஒரு நகரமே அழிந்த கதையைத் தமிழர் நன்கறிவர். சிலப்பதிகாரத்தில் வழக்கைத் தீர்ப்பது சொல்லன்று, சிலம்பே. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப்பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப்பரல். வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தோன்றிய இரண்டும் உள்ளீட்டால் வேறுபட்டன. அணிந்தவள் மட்டுமே அறிந்த அவ்வேறுபாடு அரசவையில் உண்மையை நிலைநாட்டிற்று. தமிழகத்தில் காப்பியமாக நின்ற இக்கதை மட்டக்களப்பு நாட்டில் வழிபாடாக வாழ்கின்றது. வைகாசித் திங்களில் கண்ணகியம்மன் கோயில்களின் கதவு திறக்கப்படும். கலியாணக்கால் நட்டு, வழக்குரை காதை படித்து, சினந்தணியக் குளிர்த்தி பாடிச் சடங்கை நிறைவு செய்வர். அச்சடங்கில் ஏந்தப்படும் சிலம்பு மக்களுக்கு வெறும் அணியன்று. நீதி கேட்ட பெண்ணொருத்தியின் சான்றுப்பொருள் அது. ஆதலின், அம்மன் அணிகளைப் பேழையில் வைத்துப் போற்றும் ஊராரின் கை, தம் வீட்டு நகையைத் தொடும் கையினும் மிகுந்த அச்சத்துடன் அதனைத் தொடும்.

மட்டக்களப்பு நாட்டில் குடிமுறை தாய்வழியாக அமைந்தது. முக்குவர் சட்டம் என வழங்கிய பழைய வழக்கும் தாய்வழி உரிமையையே தழுவியது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் பின் அது நீதிமன்றங்களில் வழக்கொழிந்தது. ஆயினும், வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கம் மறையவில்லை. நகையும் அவ்வாறே மகள் வழி செல்லும். விதைநெல் வாங்கவும், தோணி செப்பனிடவும், பிள்ளையின் படிப்புக்கும் அந்நகை அடகு சென்று மீண்டு வரும். ஈட்டுக்கடையின் தராசு அதன் எடையை மட்டுமே அறியும். எத்தனை முறை சென்று மீண்டது, எவரெவர் உழைப்பால் மீண்டது என்பதை வீட்டுப் பெண்களே அறிவர்.

ஆடைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. மணமகள் உடுக்கும் கூறைச்சேலையின் பெயரிலுள்ள கூறை என்பது ஆடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மாயூரத்தை அடுத்த கூறைநாட்டுத் தறிகளில் நெய்த சேலைகள் புகழ் பெற்றவை. மட்டக்களப்பின் தென்கரையிலோ மருதமுனை நெசவாளர் கைத்தறியால் பெயர் பெற்றனர். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் நெய்ததை ஒருவர் உடுத்து வாழ்ந்த உறவை அவ்விழைகள் இன்றும் கூறும். வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பும் முடியும் இவ்வகையினவே. அவை ஒருவரது உடைமையல்ல, ஊரின் உடைமை. ஓரிரவு அரசனாக ஆடிய உழவன் விடியலில் அவற்றைக் களைந்து வயலுக்குச் செல்வான். 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக அரங்கேற்றியபோது, அவ்வுடையின் அழகும் கற்றோர் அவையிற் புகழ் பெற்றது.

இவ்வரும்பொருள்கள் எவ்வளவு எளிதில் அழியக்கூடியன என்பதை அண்மைக்கால வரலாறு காட்டிற்று. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரையை விழுங்கியபோது வாகரையும் தப்பவில்லை. உயிரோடு வீடும் பெட்டகமும் நீரிற் சென்றன. ஏறத்தாழ இரண்டாண்டில், 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் போரினால் மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. காட்டுவழியாலும் நீர்வழியாலும் வாழைச்சேனைப் பக்கம் சென்றோர் கையில் எடுத்துச் செல்லக்கூடியது சிறிதே. அந்நிலையில் உடலில் அணிந்த பொன் ஒன்றே அரிசியாகவும் மருந்தாகவும் மாறும் பொருள். விற்ற பொன்னை மீண்டும் வாங்கலாம். ஆயின், பாட்டியின் கழுத்தில் கிடந்த அக்கொடியை எக்கடையும் மீட்டுத் தராது. பொன் அதே மாற்றுடையதாயினும் அதனோடு வந்த பெயரும் நினைவும் உருகிப்போயின.

ஆதலின், இப்பகுதியின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கடமை ஒன்றுண்டு. எஞ்சிய நகையின் வடிவையும் சேலையின் கரையையும் பேழையின் பூட்டையும் பதிந்து வைத்தல் போதாது. அவற்றை வைத்திருக்கும் முதிய பெண்களிடம் அமர்ந்து, இது யார் செய்தது, யார் கொடுத்தது, எப்போது அடகு சென்றது, எவ்வாறு மீண்டது எனக் கேட்டு எழுதுதலும் வேண்டும். கண்ணகியின் சிலம்பினுள் இருந்த பரலை உடைத்த பின்னரே அரசவை அறிந்தது. பெண்கள் நெஞ்சிலுள்ள செய்திகளையோ உடையுமுன்னரே கேட்டறிதல் கற்றோர் கடன்.