உலாவித் தானியக்க அமர்வு

இணைய உலாவியை ஆள் தொடாமல் நிரலே இயக்கும்போது, திறந்தது முதல் மூடும்வரை அந்த உலாவி சுமந்திருக்கும் நிலைமையே அமர்வு. உள்நுழைந்த கணக்கு, குக்கிகள், பாதி நிரப்பிய படிவம் எல்லாம் இதில் சேரும். 1990-இல் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் தொடங்கிய டெக்னோபார்க்கில் மென்பொருள் சோதனை செய்வோர், மலையாளிகளானாலும் நாகர்கோவில் பக்கமிருந்து வந்தவர்களானாலும், இதை 'செஷன்' என்றே சொல்வார்கள்.

வலையின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபிக்கு நினைவாற்றல் கிடையாது. அதற்கு ஒட்டுப்போட 1994-இல் நெட்ஸ்கேப்பின் லூ மான்டுல்லி குக்கியை உருவாக்கினார். 2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் என்ற கருவி உலாவித் தானியக்கத்தைப் பரவலாக்கியது. நிரல் உலாவிக்குக் கட்டளை அனுப்பும் முறையான வெப்டிரைவர் 2018-இல் வலைத் தரநிலையானது.

வெப்டிரைவரின் முதல் கட்டளை, புதிய அமர்வு கேட்பது. விடையாக ஓர் அடையாளக் குறி வரும். 'இந்தப் பொத்தானை அழுத்து' என்பது போன்ற அடுத்த கட்டளைகள் எல்லாம் அந்தக் குறியைத் தாங்கியே போகும். உலாவி நம் மேசையில் இல்லாமல் வாடகைச் சேவையகத்தில் ஓடும்போதுதான் சிக்கல். மும்பையில் 2011-இல் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் அத்தகைய சேவைகளில் ஒன்று. சாதாரண வலைக் கோரிக்கையைக் காலியான எந்தக் கணினிக்கும் அனுப்பலாம். இங்கே அது நடக்காது. கட்டளை அதே கணினிக்கே போயாக வேண்டும். அதனால் சோதனைகளைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தனுப்பும் செலினியம் கிரிட், எந்த அமர்வு எங்கே இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அந்தக் கணினி விழுந்தால் அமர்வும் போயிற்று. உலாவியைத் தனியாக அடைத்து ஓட்டும் டாக்கர் பெட்டகம் இயல்பாகத் தரும் 64 எம்பி பகிர்வு நினைவகம் போதாமல் குரோம் நொறுங்கி அமர்வு போவதும் அடிக்கடி நடப்பது.

சும்மா இருந்தாலும் அமர்வு சாகும். கட்டளை வராவிட்டால் கிரிட் இயல்பாக 300 விநாடி பொறுக்கும். பிரவுசர்ஸ்டாக் 90 விநாடிதான். ஓடிபிக்காகக் கைபேசியைப் பார்த்துக் காத்திருக்கும் சோதனைக்கு அது போதாமல் போகலாம். புதியவர்கள் அப்போது தங்கள் நிரலைத்தான் சந்தேகிப்பார்கள்.

2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் என்ற தானியக்கக் கருவி, குக்கிகளையும் உள்ளகச் சேமிப்பையும் ஒரு கோப்பாக எடுத்துவைத்து, அடுத்த ஓட்டத்தில் உள்நுழைவைத் தவிர்க்க உதவுகிறது. கடவுச்சொல் இல்லாமலே கணக்கைத் திறக்கக்கூடிய கோப்பு அது. அதை நிரலோடு சேர்த்துக் கிட் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவது வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதுதான்.

சோதனை நடுவில் முறிந்து, மூடும் கட்டளை போகாமல் நின்றால், காலக்கெடு தீரும்வரை அந்த உலாவி காசு கொடுத்து வாங்கிய இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். அடுத்த சோதனை வரிசையில் நிற்கும்.