மட்டாஞ்சேரியில் ஒரு கபுறு

"ரப்பி எண்டா ஆர் சேர்?" என்று தரம் ஒன்பதில் ஒரு பிள்ளை கேட்டாள். மணியடிக்கும் நேரம். "யூதர்களின்ர ஐயர்" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். புதுக்குடியிருப்பு வகுப்பறையில் அந்தச் சொல்தான் சட்டென்று கைக்கு வந்தது.

அது பிழை. ரப்பி பூசகர் அல்லர். எபிரேய மொழியில் அச்சொல்லுக்கு 'என் ஆசானே' என்பதே பொருள். வேதச் சட்டத்தைக் கற்றவர், கற்பிப்பவர், வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்பவர். நமது ஆலிம்களோடு ஒப்பிட்டால்தான் சரிவரும். அடுத்த நாள் திருத்திச் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி, நான் பார்த்துவிட்டு வந்த ஒரு கபுறை மறுபடியும் நினைவில் கொண்டுவந்து வைத்துவிட்டது.

2017ல் உம்மாவின் கண் வைத்தியத்துக்காக மதுரை போயிருந்தோம். இரண்டு நாள் மிச்சம் பிடித்துக் கொச்சிக்கும் போய்வந்தேன். மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டப்பட்ட பரதேசி சினகாக்கைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு, விசாரித்து விசாரித்து, வீடுகள் நெருங்கிய ஒரு சந்துக்குள் போய்ச் சேர்ந்தேன். சுண்ணாம்பு பூசிய ஒற்றைக் கல்லறை. எபிரேய எழுத்து. உருகி வழிந்த மெழுகுவர்த்திகள். ஒரு காலத்தில் அது யூதர்களின் மையவாடியாக இருந்த இடம். மற்றக் கபுறுகள் எல்லாம் போய், இது மட்டும் நிற்கிறது.

அங்கே அடங்கியிருப்பவர் நெகேமியா மோத்தா. ஊரார் வாயில் நம்யா மோத்தா. யெமனிலிருந்து வந்தவர் என்பது பரவலான மரபு. இத்தாலி என்பாரும், போலந்து என்பாரும் உண்டு. கல்லறை எழுத்து அவரை 'கபாலா' எனப்படும் யூத மெய்ஞ்ஞானத்தில் தேர்ந்தவர் என்றும், தந்தையாரை ரப்பி என்றும் குறிக்கிறது. அவர் காலமானது யூத நாட்காட்டியில் 5376, கிஸ்லேவ் மாதம் 25, அதாவது 1615 டிசம்பர். யூதர்களின் விளக்குப் பெருநாளான ஹனுக்கா தொடங்குவதும் அதே நாளில்தான். அவர் எபிரேயத்தில் பாடல்கள் இயற்றினார். 1757ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான கொச்சி யூதரின் தொழுகைப் பாடல் நூலில் அவை இடம்பெற்றன. பாட்டுக் கட்டிய அவுலியாக்களை அறிந்த நமக்கு இது புதிய சங்கதியல்ல.

அந்தக் கபுறுக்கு யூதர் மட்டும் வருவதில்லை. இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வந்து மெழுகுவர்த்தி கொளுத்தி நேர்ச்சை வைக்கிறார்கள். நேர்ச்சை கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் இங்கே இறங்கவில்லை. அதற்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன.

இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். வரலாறு அப்படி இல்லை. கொடுங்கல்லூர் யூதர்கள் கொச்சிப் பக்கம் நகர்ந்ததற்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று 1524ல் அங்கே முஸ்லிம்கள் அவர்களைத் தாக்கியது. ஆட்கள் கொல்லப்பட்டனர், வீடுகளும் சினகாக்குகளும் எரிந்தன. இதைச் சொல்பவர் எதிரியல்ல. பொன்னானியின் பேரறிஞர் செய்னுத்தீன் மக்தூம், போர்த்துக்கேயருக்கு எதிராக எழுதிய தமது 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' நூலிலேயே பதிந்து வைத்திருக்கிறார். நம்மவர் செய்ததை நம்மவரே எழுதினார். அந்த நேர்மைக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

யூதர்களுக்குள்ளும் ஒரு நோய் இருந்தது. வெளிநாட்டு வம்சம் என்று சொல்லிக்கொண்ட வசதி படைத்த சிலர், மற்ற யூதர்களை அடிமை வழி என்று ஒதுக்கி, பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்தனர். கொச்சியில் தீர்ப்புச் சொல்லும் தகுதியுள்ள ரப்பி இல்லாததால், 1520ஐ ஒட்டிக் கெய்ரோவுக்குக் கேள்வி போனது. பத்வா கேட்பது போலத்தான். பதில் எழுதியவர் ரப்பி தாவீத் இப்னு அபீ ஸிம்ரா. 1492ல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டபோது பதின்மூன்று வயதுச் சிறுவனாக வெளியேறியவர். முறைப்படி நீராட்டுச் சடங்கு முடித்துவிட்டால் அவர்களும் முழு யூதர்களே, மணவுறவு கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார். மேலோர் கேட்கவில்லை. நானூறு வருடம் கழித்து வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) பரதேசி சினகாக்குக்குள்ளேயே சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. வெளியே அரசன் கொடுத்த மரியாதை என்னவோ குறையவில்லை. கொச்சி மன்னர் நியமித்த யூதத் தலைவருக்குப் பட்டம் 'முதலியார்'!

பிறகு அவர்கள் போய்விட்டார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலும் விமானமும் ஏறினர். அவர்களை யாரும் துரத்தவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். விற்கக் கூடியதை விற்று, விடை சொல்லி, தோரா ஏடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். மட்டாஞ்சேரியில் தங்கிய கடைசிச் சிலரில் சாரா கோஹன் அம்மையார் 2019ல் 96 வயதில் காலமானார். முதுமையில் அவரைப் பார்த்துக்கொண்டதும், அவருடைய தையல் கடையைத் தொடர்ந்து நடத்தியதும் ஒரு முஸ்லிம் குடும்பத்தவர். நம்யா மோத்தாவின் கபுறுக்குச் சுண்ணாம்பு பூசி விளக்கு வைப்பதற்கும் இன்று அக்கம்பக்கத்தார்தான் இருக்கிறார்கள்.

அந்தச் சந்தில் நின்றபோது எனக்கு வேறு ஒரு மையவாடிதான் கண்ணில் வந்தது. 1990 ஒக்ரோபரில் முல்லைத்தீவுப் பக்கத்து எங்கள் கிராமத்தை விட்டு வெளியேறும்போது எனக்குப் பதினொரு வயது. கொச்சி யூதர்களுக்குக் கிடைத்த அவகாசம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வாப்பா கடைசியாகத் திரும்பிப் பார்த்தது வீட்டையல்ல, தன் வாப்பாவின் கபுறு இருந்த திசையை. புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து, ஆசிரியர் கலாசாலை முடித்து, 2013ல் வாப்பாவோடு அங்கே போனேன். காடு மண்டியிருந்தது. மீஸான் கற்கள் பல சரிந்து கிடந்தன. ஆனால் ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு கபுறுகளைச் சுற்றி, உக்கிப்போன பனையோலை வேலியின் கதியால்கள் சில தளிர்த்து மரமாகி நின்றன.

பக்கத்து வளவு ஆச்சி, அவரும் 2009ல் எல்லாவற்றையும் இழந்து முகாமுக்குப் போய்த் திரும்பியவர், பொல்லூன்றி வந்தார்.

"மாடு உழக்குது எண்டு நான்தான் அடைச்சனான் தம்பி. சண்டைக்கு முந்தி. ஆற்ற குழி எது எண்டு எனக்குத் தெரியாது. அதான் ஏலுமான மட்டும் எல்லாத்தையும் சேத்து அடைச்சுவிட்டன்."

வாப்பா ஒன்றும் பேசவில்லை. தளிர்த்த கதியால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு யாசீன் ஓதத் தொடங்கினார். ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார்.