குட்டியானைக்கு அடியில் 'டொங்' சத்தமா? முதலில் கிராஸை ஆட்டிப் பாருங்க!

கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டதும் வண்டிக்கு அடியில் 'டொங்'னு ஒரு சத்தம். அப்புறம் எதுவும் இல்லை, வண்டி நல்லாத்தான் ஓடுது. நாமளும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவெச்சிட்டுக் கிளம்பிடுறோம். சம்பா அறுவடை நேரத்தில், தஞ்சாவூர் பக்கம் நெல் கொள்முதல் நிலைய வாசலில் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. வரிசை நகரும்போதெல்லாம் ஏதாவது ஒரு குட்டியானை இந்தச் சத்தம் போடும்.

குட்டியானை, பொலீரோ பிக்கப் மாதிரி வண்டிகளில் வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம். கியர்பாக்ஸிலிருந்து அங்கே சக்தியைக் கொண்டுபோகும் நீளமான தண்டுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். பள்ளம் மேட்டில் பின் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டும் வளைஞ்சு கொடுக்கணும் இல்லையா? அதுக்காக அதன் முனைகளில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு இணைப்பு இருக்கும். பேரு யூஜே கிராஸ். பட்டறையில் வெறும் 'கிராஸ்'. அதன் நாலு முனையிலும் ஊசி மாதிரி மெல்லிய பேரிங்குகள். கிரீஸ் போய், துருப்பிடிச்சு, பேரிங் தேய்ஞ்சா இடைவெளி விழும். கிளட்ச்சை விடும்போது அந்த இடைவெளி மூடுற சத்தம்தான் 'டொங்'.

டெல்டாவில் இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் இருக்கு. ஒண்ணு, வாய்க்கால் கரைச் சேறும் தண்ணியும். இன்னொண்ணு, நாம ஏத்துற லோடு. சுமார் 750 கிலோ ஏத்தக்கூடிய வண்டியில், 40 கிலோ மூட்டை 18 ஏத்தினாலே கணக்கு முடிஞ்சுது. 30 ஏத்தினா 1,200 கிலோ! அந்தப் பாரத்தை அசைக்கும் முதல் நொடியில் முழு அடியும் கிராஸுக்குத்தான்.

சத்தம் எப்போ வருதுன்னு கவனிங்க. மெதுவா போகும்போது 'கீச் கீச்'னு தாளம் தப்பாம வந்தா, கிராஸ் காய ஆரம்பிச்சிருக்கு. கிளம்பும்போதும், ரிவர்ஸ் போடும்போதும், ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போதும் 'டொங்' வந்தா தேய்ஞ்சிருக்கலாம். ஆனா பட்டையின் யூ போல்ட், இன்ஜின் மவுன்டிங் லூஸானாலும் இதே மாதிரி கேட்கும். ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் சத்தம்னா சஸ்பென்ஷனைப் பாருங்க.

சரி, சோதிக்கலாம். சமதரை, இன்ஜின் ஆஃப், நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீங்க. சைலன்ஸர் ஆறினதும், கிராஸுக்கு ஒரு பக்கம் ஒரு கை, மறுபக்கம் ஒரு கை வெச்சு எதிரெதிராத் திருப்புங்க, மேலும் கீழும் அசைங்க. ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆடினா கிராஸ் மாத்தணும். பேரிங் மூடியைச் சுத்தித் துருப்பொடி இருந்தாலும் அதேதான். மொத்த ஷாஃப்ட்டும் சேர்ந்து லேசாத் திரும்பினா பயப்பட வேண்டாம். டிஃபரன்ஷியல் பற்களுக்கு நடுவே அந்த இடைவெளி இருக்கத்தான் செய்யும்.

தள்ளிப்போட்டா என்ன ஆகும்? ஓடும்போது கிராஸ் உடைஞ்சு ஷாஃப்ட்டின் முன்முனை ரோட்டில் குத்தினா, வண்டியே தூக்கிப் போடும். ஆத்தங்கரை ரோடு, மூட்டை மேல ரெண்டு பேர்னு நினைச்சுப் பாருங்க. பலமா ஆடுற வண்டியில் லோடு ஏத்தாதீங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டு வெள்ளத்தைக் கடந்திருந்தா டிஃபரன்ஷியல் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்க. சூடான கூடு தண்ணியில் சட்டுனு குளிரும்போது, மேலே இருக்கும் காற்றுத்துளை வழியா தண்ணியை உள்ளே இழுத்துக்கும். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா மாத்தியே ஆகணும்.

ஆல்டோ, ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கர வண்டிகளுக்கு இந்த ஷாஃப்ட் கிடையாது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது 'டக் டக்'னா சிவி ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிஞ்ச உடனே பார்த்துட்டா, பூட் செலவோடு தப்பிக்கலாம்.

பைக்கில் இன்ஜினை அணைச்சுட்டு செயினின் ஆட்டத்தைப் பாருங்க. எத்தனை மி.மீ.னு உங்க மேனுவலில் இருக்கும். செயின் சரியா இருந்தும் இடிச்சா, பின் ஹப்புக்குள்ள இருக்கும் ரப்பர் நசுங்கியிருக்கும்.

பட்டறைக்குப் போனதும் 'ஏதோ சத்தம் வருதுண்ணே'ன்னு சொல்லாதீங்க. எந்த கியர், லோடு இருந்துச்சா, கிளம்பும்போதா திரும்பும்போதான்னு சொல்லுங்க. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை போனில் சத்தத்தைப் பதிவு பண்ணச் சொல்லி, அதையும் போட்டுக் காட்டுங்க.