வேற்றுலக உயிரினப் படைப்பில் நம்பகத்தன்மை: கெப்ளர் முதல் கிளெமென்ட் வரை

அறிவியல் புனைகதைகளில் வரும் வேற்றுலக உயிரினங்களுள் சில நம்பத்தக்கனவாகத் தோன்றுகின்றன. பல வெறும் வேடிக்கைப் பொருள்களாக நின்றுவிடுகின்றன. உருவ விந்தையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. ஓர் உயிரினத்தின் உடலும் வாழ்வும் அதன் சூழலிலிருந்து காரண காரிய முறையில் பெறப்படும்போதே நம்பகத்தன்மை தோன்றுகிறது என்பதை இக்கட்டுரையில் நிறுவ முற்படுகிறோம்.

இம்முறையின் தொடக்கத்தை வானியலறிஞர் யோஹன்னஸ் கெப்ளரிடம் காண்கிறோம். அவர் மறைவிற்குப் பின் 1634இல் வெளிவந்த 'சோம்னியம்' என்னும் இலத்தீன் நூல் நிலவுவாழ் உயிர்களைப் பற்றிப் பேசுகிறது. நிலவில் பகலும் இரவும் தனித்தனியே ஏறத்தாழ 14 புவிநாள்கள் நீடிப்பவை. ஆகவே அங்குள்ள உயிர்கள் வெப்பத்திற்கு அஞ்சிக் குகைகளில் ஒதுங்குகின்றன. விலகிச் செல்லும் நீரைத் தொடர்ந்து இடம்பெயர்கின்றன. வானியல் கணக்கே இங்கு உயிரினத்தின் வாழ்க்கை முறையாக மாறுகிறது.

டார்வினின் கொள்கைக்குப் பின் இம்முறை உயிரியல் அடித்தளம் பெற்றது. தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்ற எச்.ஜி.வெல்ஸ், 1898இல் நூலாக வெளிவந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் செவ்வாய் உயிர்களைப் பரிணாமத்தின் விளைவாகவே படைத்தார். மூளை பெருத்துச் செரிமான உறுப்புகள் மறைந்த அவை, பிற உயிர்களின் குருதியை நேரே உடலில் ஏற்றிக்கொள்கின்றன. நுண்ணுயிரிகள் அற்ற உலகிலிருந்து வந்தமையால் புவியின் நுண்ணுயிரிகளுக்கே இரையாகின்றன. அவற்றை உருவாக்கிய சூழலே அவற்றின் வீழ்ச்சிக்கும் காரணமாகிறது. எனினும் அவை மனிதனின் பகையாகவே நின்றன. 1934இல் ஸ்டான்லி வைன்பாம் எழுதிய 'எ மார்ஷியன் ஒடிஸி' சிறுகதையிலோ, மனிதனை நோக்காது தத்தம் போக்கில் வாழும் உயிர்களைக் காண்கிறோம். அவற்றுள் ஒன்று சிலிக்கான் உயிர். தன் கழிவாகிய செங்கற்களைத் தன்னைச் சுற்றி அடுக்கியவாறு வாழ்கிறது.

இம்மரபின் முதிர்ச்சியை ஹால் கிளெமென்ட் 1953இல் தொடராக வெளியிட்ட 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' காட்டுகிறது. மெஸ்க்லின் என்னும் அக்கோள் சுமார் 18 நிமிடத்தில் ஒருமுறை சுழல்கிறது. அதனால் நடுக்கோட்டில் புவியினும் 3 மடங்காக உள்ள ஈர்ப்பு, துருவங்களில் ஏறத்தாழ 700 மடங்காகிறது. அங்கு வாழ்வோர் பூரான் போன்று தாழ்ந்த, ஓரடிக்குச் சற்று மிகுந்த நீளமுடைய உயிர்கள். சிறிதளவு வீழ்ச்சியும் உயிரைப் பறிக்குமாதலால் உயரம் அவர்க்குப் பேரச்சம். பொருளை எறிதல் என்னும் எண்ணமே அவர்க்குப் புதிது. ஈர்ப்பு உடலை மட்டுமன்றி மனத்தையும் வடிக்கிறது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

துருவ ஈர்ப்பின் அளவு மிகைப்பட்டது என வாசகர் பின்னர்க் கணித்துக் காட்டினர். கிளெமென்டும் அதனை ஏற்றார். இதனைப் படைப்பின் தோல்வியாகக் கொள்ளல் பொருந்தாது. பிழை காணத்தக்க அளவிற்கு அவ்வுலகம் ஒழுங்குடையதாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இதற்கு மறுதலையும் உண்டு. ஸ்டானிஸ்வாஃப் லெம் 1961இல் வெளியிட்ட 'சோலாரிஸ்' நாவலில், கோளையே சூழ்ந்த கடலுயிர் ஒன்று தலைமுறை தலைமுறையான ஆய்வுக்குப் பின்னும் மனித அறிவுக்குப் பிடிபடவில்லை. அனைத்தையும் விளக்கிவிடலாம் என்னும் துணிவையே லெம் ஐயுறுகிறார். ஆயினும் அக்கடலின் தோற்றங்களை அவர் வகைப்படுத்தி விரிவாக வருணித்த பின்னரே அதன் புரியாமை பொருள் பெறுகிறது.

ஆகவே, காரணத்தைத் தேடிச் செல்ல வாசகர்க்கு வழி திறந்திருத்தலே நம்பகத்தன்மையின் உரைகல் எனலாம். அத்தேடல் விடையில் முடியலாம். அறிவின் எல்லையிலும் முடியலாம். வழியே இல்லாதவிடத்து எஞ்சுவது வேடம் மட்டுமே.