பாஸைக் குறைத்த 2.7 கே

இங்கே புனேயில் எங்கள் அப்பார்ட்மென்ட் பிள்ளைகள் கிதாரும் கையுமாக அலைகிறார்கள். கேட்டால் 'மார்ஷல் சவுண்ட்' வேண்டுமாம். அந்தச் சத்தத்தின் சரித்திரம் ஒரு ரெசிஸ்டரில் இருக்கிறது. கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

1962-ல் லண்டன் ஹான்வெல்லில், டிரம்மர் ஜிம் மார்ஷலின் கடைக்காக கென் பிரானும் டட்லி கிரேவனும் ஜே.டி.எம். 45 வால்வு ஆம்ப்ளிஃபையரைச் செய்தார்கள். சர்க்யூட் கிட்டத்தட்ட அப்படியே அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன். பெயரைப் பாருங்கள், பாஸ் கிதாருக்காகப் பிறந்த பெட்டி அது!

முதல் வால்வின் இரண்டு பாதிகளுக்கும் பொதுவாக, கேத்தோடில் 820 ஓம் ரெசிஸ்டர். வால்வில் எவ்வளவு கரண்ட் ஓடலாம் என்று தீர்மானிப்பது அதுதான். ஆனால் தனியாக விட்டால் கெயினையும் தின்றுவிடும். அதைத் தடுக்கக் கூடவே 250 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். இந்த ஜோடி 1 ஹெர்ட்ஸ் வரைக்கும்கூட கெயினை விட்டுக்கொடுக்காது. கிதாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், இவ்வளவு தாராளம் எதற்கு?

போதாக்குறைக்கு, பாஸ்மேனில் இருந்த 12ஏஒய்7 வால்வுக்குப் பதிலாக கெயின் அதிகமான இ.சி.சி.83-ஐப் போட்டார்கள். மெதுவாக வாசித்தால் அழகு. வால்யூமைத் திருகினால் பாஸ் அலைகள் அடுத்தடுத்த வால்வுகளைத் திணறடித்து, சத்தம் கொழகொழவென்று ஆகிவிடும்.

1960களின் பிற்பகுதியில் இரண்டு பாதிகளையும் பிரித்தார்கள். பிரைட் சேனலுக்கு மட்டும் 2.7 கிலோ ஓம், 0.68 மைக்ரோஃபாரட். கணக்குப் போட்டால் சுமார் 87 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்கு மேலே போகப் போகத்தான் கெயின் ஏறும். பாஸ் அடங்கிவிடும், மிட் முன்னால் வரும். கேட்பவருக்கு 'டைட்'. நாம் ரசிக்கும் ராக் சத்தம் இந்த இடத்தில்தான் பிறந்தது என்பது என் கட்சி.

1975-ன் 2203 மாடலில் (1981-ல் இதுவே ஜே.சி.எம். 800) இரண்டாம் கட்டத்துக்கு 10 கிலோ ஓம், கபாசிட்டரே கிடையாது. கெயின் குறைவுதான். ஆனால் வால்வு அணையப்போகும் நிலையில் உட்கார்ந்திருப்பதால் அலையின் ஒரு பக்கத்தைச் சீக்கிரமே வெட்டிவிடும். மெட்டல்காரர்களுக்குப் பிடித்த கரகரப்பு!

வால்வு பிராண்டுக்குக் காசைக் கொட்டுகிறவர்கள் இந்த மலிவான சாமானையும் ஒருமுறை கவனிக்கலாம். ஆனால் நீங்களோ பிள்ளைகளோ பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கும்.