நிலைகொள்ளாத பிள்ளை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்ய ஓர் ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா. இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. நெசவாளிக்குத் துணையாகக் கரை நாடாவை வீச இன்னொருவர் வேண்டும். முன்னாளில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு பிள்ளைதான் உட்கார்ந்திருக்கும். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும்? முதுகில் அடி, தாய்க்கு, "வளர்த்த லட்சணம்" என்ற வசை.

1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அறிவில் குறையில்லை, பலருக்கு வளர்ப்பிலும் குறையில்லை என்று கண்டார். ஆயினும் அதை ஒழுக்கத்தின் குறை என்றே சொன்னார். முதல் உலகப் போரை ஒட்டி மூளைக்காய்ச்சல் பரவியது. அதில் பிழைத்த பிள்ளைகள் பலர் நிலைகொள்ளாமல் திரிந்தார்கள். உடனே, மூளையில் பட்ட காயமே காரணம் என்றார்கள். 1970-களில் பழி உணவுச் சாயத்தின் மேலும் சர்க்கரையின் மேலும் விழுந்தது. சர்க்கரை குற்றவாளி அல்ல என்பது பின்னர் சோதனைகளில் தெரிந்தது.

உண்மையை நெருங்க உதவியவர்கள் இரட்டைப் பிள்ளைகள். அவர்களை ஆராய்ந்ததில், பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 100-க்கு 70 பங்குக்கு மேல் பரம்பரையைச் சேர்ந்தது என்று கணக்கிட்டார்கள். குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு, ஈய நஞ்சு ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவில் பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-இல்தான் நின்றது.

ஒரே காரணம் என்று ஒன்றில்லை. ஆனால் அந்தத் தாயின் வளர்ப்பு காரணமல்ல. தறிக்குழியில் அன்று விழுந்த அடியைத் திரும்ப எடுக்க முடியாது; பழியையாவது எடுத்துவிடலாம்.