ஆய்க்குடி காட்டிய வழி

தாமிரபரணியின் சிறப்பைப் பேசப் புகுவோர் பொதியமலையைப் பேசுவர்; அணைகளையும் கால்களையும் வெட்டுவித்த மன்னரைப் பேசுவர். ஆனால், அக்கால்களில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அங்கே நிற்கும் உழவனே அறிவான். தலைமடையில் இருப்பவர் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

சமுதாயம் நலிந்தோர்க்குச் செய்யும் உதவியும் இத்தன்மையதே. உடற்குறை உடையவர்களுக்கு, இன்று மாற்றுத்திறனாளிகள் என்று நாம் வழங்குவோருக்கு, இந்த ஆற்றுப் படுகையில் உதவி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையே இங்கே கூற விழைகிறேன்.

தொடக்கம் பாளையங்கோட்டையில். 1890ஆம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் அங்கே பார்வையற்றோர்க்கு ஒரு பள்ளி கண்டார். இந்தியாவில் அத்தகைய முதற்பள்ளி அமிர்தசரசில் 1887இல் தோன்றி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே பத்தாண்டில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். கண்ணில்லாத பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்று ஊரார் கேட்ட காலம் அது. புள்ளி எழுத்தை விரலால் தடவித் தமிழ் படிக்கும் பிள்ளைகளை அந்நகரம் கண்டது. அன்புள்ளம் செய்த அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை.

எனினும் அதற்கோர் எல்லை இருந்தது. பள்ளியைத் தேடிப் பிள்ளை வரவேண்டும். தாயையும் தெருவையும் விட்டு வரவேண்டும். வர இயலாத பிள்ளை திண்ணையிலேயே இருந்தது. அப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதையும் நல்லோர் சிலரே முடிவு செய்தனர். அப்பிள்ளையைக் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் எவருக்கும் எழவில்லை.

அவ்வெண்ணம் எழுவதற்கு ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. அன்று நெல்லை மாவட்டத்திலும், 2019 முதல் தென்காசி மாவட்டத்திலும் அமைந்த ஊர் ஆய்க்குடி. அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராய் இருந்தபோது, 1975இல், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். உடற்பயிற்சித் தேர்வில் விழுந்து தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றது. படைத்துறை மருத்துவமனையில் நெடுநாள் கிடந்து ஊர் திரும்பினார்.

1981ஆம் ஆண்டை ஊனமுற்றோர்க்கான ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அவ்வாண்டில் அவர், தமக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தம் ஊரில் நிறுவினார். 1992இல் எஸ். சங்கரராமன் அவருடன் இணைந்தார். இவர் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். சென்னையில் பட்டயக் கணக்காளராய்த் தொழில் செய்தவர்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கருதவேண்டும். பிறர் தூக்கிவிட்டாலன்றி எழ இயலாத ஒருவர், படியின் உயரத்தை நம்மைவிட நன்கு அறிவார். ஆகவே, சங்கம் தன் வளாகத்தோடு நின்றுவிடவில்லை. பணியாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்றனர். பிள்ளைக்குரிய பயிற்சியை வீட்டிலேயே தாய்க்குக் கற்பித்தனர். அந்தந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளே கூடிப் பேசும் குழுக்களை அமைத்தனர். பெற்றோரும் ஊராரும் கைகொடுத்தனர். பாளையங்கோட்டையில் பிள்ளை பள்ளியைத் தேடி வந்தது. ஆய்க்குடியிலிருந்தோ உதவி பிள்ளையைத் தேடிச் சென்றது.

இதைச் சொல்லும்போது என் பிழையொன்றையும் சொல்லியாக வேண்டும். 1996ஆம் ஆண்டு, நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் தலைமையாசிரியன். இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் சூம்பிய மகனைத் தோளில் சுமந்து ஒரு தந்தை வந்தார். ஏழாம் வகுப்பு மாடியில் நடந்தது. "ஐயா, நான் தினமும் தூக்கி வந்து விட்டுவிடுகிறேன்" என்றார். "பிள்ளையை ஏன் சிரமப்படுத்துகிறீர்கள்?" என்று கனிவாகவே சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்வகுப்பைக் கீழே மாற்ற எனக்கு ஒருமணி நேரம் போதும். அது எனக்குத் தோன்றவில்லை. அச்சிறுவனை நோக்கி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கனிவாகப் பேசிவிட்டதனால் நல்லதையே செய்ததாக நினைத்து அன்று உறங்கினேன்.

அப்பிள்ளைக்கு அப்பொழுதே ஒரு சட்டம் இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். அச்சட்டமும் தானாக வரவில்லை. 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உடற்குறையுடையோர் எண்ணப்படவே இல்லை. எண்ணப்படாதவர்க்குப் பங்கு எவ்வாறு ஒதுக்குவது? சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஜாவேத் அபிதி போன்றோர் தில்லித் தெருவில் திரண்டு முறையிட்டனர். 1995இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1996இல் அது நடைமுறைக்கு வந்தது. 2001இல் கணக்கெடுப்பிலும் அவர்கள் இடம்பெற்றனர். அப்பொழுது 2 கோடியே 19 லட்சம் பேர். 2011இல் 2 கோடியே 68 லட்சம் பேர்.

எங்களைப் பற்றிய எதையும் எங்களை விலக்கி முடிவு செய்யாதீர் என்பது உலகெங்கும் இவர்கள் எழுப்பிய முழக்கம். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை இவர்தம் உரிமைகளுக்கு உடன்படிக்கை வகுத்தது. மறு ஆண்டே இந்தியா அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், முன்பு 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. அரசுப் பணியில் 3 விழுக்காடாக இருந்த ஒதுக்கீட்டை 4 ஆக உயர்த்தியது. 2025இல் தமிழகச் சட்டமன்றம் ஒரு படி மேலே சென்றது. ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வகை செய்தது.

சட்டம் வந்துவிட்டதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல நான் துணியேன். நடக்க இயலாதவர் தமக்கு நடக்க இயலாது என்று மெய்ப்பிக்க அலுவலகப் படி ஏறவேண்டிய நிலை இன்னும் பல இடங்களில் உண்டு. ஆனால், படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை அமைக்கவேண்டும் என்று ஊராட்சி மன்றத்திலேயே எடுத்துச் சொல்ல, அப்படியை ஏற இயலாத ஒருவருக்கு இப்பொழுது இருக்கை உண்டு. அந்த இருக்கை ஒவ்வோர் ஊரிலும் நிரப்பப்படுகிறதா, அதில் அமர்ந்தவர் சொல் கேட்கப்படுகிறதா என்று பார்ப்பது நம் கடமை.

இரக்கம் வேண்டா என்று நான் கூறவில்லை. பாளையங்கோட்டையின் இரக்கம் இன்றேல் ஆய்க்குடியின் உரிமைக்கு நிலம் பண்பட்டிராது. இரங்குமுன் கேட்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம். தலைமடையில் நிற்பவர் எத்துணை நல்லவராயினும், கடைமடை நனைந்ததா என்பதற்குக் கடைமடையான் சொல்லே சான்று. அச்சிறுவனிடம் ஒரு சொல் கேட்டிருந்தால், ஒருமணி நேரத்தில் அவன் வகுப்பில் அமர்ந்திருப்பான்.